அம்மா அப்பாவின் மெடிகேர் திட்டம்: செப்டம்பர் கடிதம் வந்ததும் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் மெடிகேர் (முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வைத்திருக்கும் அம்மா அப்பாவையோ மாமனார் மாமியாரையோ கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30-க்குள் அவர்களுடைய இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ‘ஆனுவல் நோட்டீஸ் ஆஃப் சேஞ்ச்’ என்ற தலைப்பில் ஒரு கடிதம் வர வேண்டும். வரும் ஜனவரி 1 முதல் திட்டத்தில் என்னென்ன மாறுகிறது என்று சொல்வதுதான் அதன் வேலை. பல வீடுகளில் அது விளம்பரத் தாள்களோடு சேர்ந்து ஒரு மூலையில் கிடக்கும். நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் திட்டம் தானாகவே அடுத்த ஆண்டுக்குத் தொடரும் என்பது உண்மைதான். ஆனால் பெயர்தான் அதே பெயர். உள்ளே இருக்கும் கட்டணமும் மருந்துப் பட்டியலும் டாக்டர்களும் வேறாக இருக்கலாம்.

என் அம்மாவின் அட்வான்டேஜ் திட்டத்தில், அதாவது தனியார் கம்பெனி வழியாகக் கிடைக்கும் மெடிகேரில், இதுதான் நடந்தது. கடிதத்தின் முதல் பக்கத்தில் பிரீமியம் மாறவில்லை என்றிருந்தது. ஜனவரியில் பார்த்தால், அவரை வெகுநாளாகப் பார்த்து வந்த இதய டாக்டர் நெட்வொர்க்கில் (திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், மருத்துவமனைகளின் பட்டியலில்) இல்லை. சர்க்கரை மாத்திரை ஒன்று விலை கூடிய அடுக்குக்குப் போயிருந்தது. கடிதத்தை மறுபடி எடுத்து வரி வரியாகப் படித்தேன். இரண்டுமே அதில் இல்லை. கட்டணங்களையும் விதிகளையும்தான் அந்தக் கடிதம் ஒப்பிட்டுக் காட்டும். மருந்துப் பட்டியல் மாறுகிறது, டாக்டர் பட்டியல் மாறுகிறது என்று பொதுவாகச் சொல்லி, முழுப் பட்டியலை இணையதளத்தில் பார்க்கச் சொல்லிவிடும். உங்கள் அம்மாவின் மாத்திரையும் டாக்டரும் அடுத்த ஆண்டும் இருக்கிறார்களா என்பதை நீங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும். அந்தத் தேடலை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கீழே உள்ள தொகைகள் 2026-ஆம் ஆண்டுக்கானவை. ஆண்டுதோறும் இவை மாறும். தேதிகளும் வேலை முறையும் ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

1. தேதிகளை முதலில் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்

செப்டம்பர் 30: மாற்றக் கடிதம் கைக்கு வந்திருக்க வேண்டிய கடைசி நாள். வரவில்லை என்றால் அட்டையின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கு ஃபோன் செய்து கேளுங்கள். சிலருக்கு அது மின்னஞ்சலில் மட்டும் வரும். அப்பாவின் பெயரில் எப்போதோ திறந்து மறந்துபோன மின்னஞ்சலாகக்கூட அது இருக்கலாம்.

அக்டோபர் 1: அடுத்த ஆண்டின் திட்டங்களை மெடிகேர் இணையதளத்தில் பார்க்கலாம்.

அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை: திட்டத்தை மாற்றிக்கொள்ளும் காலம். இதற்குள் எத்தனை முறை மாற்றினாலும் கடைசியாகச் செய்த தேர்வுதான் நிற்கும். ஜனவரி 1-இல் அது நடைமுறைக்கு வரும்.

ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை: ஜனவரி 1 அன்று அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும், ஒரே ஒரு முறை மாறும் வாய்ப்பு. அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரும் தனி மருந்துத் திட்டமும் வைத்திருப்பவர்களுக்கு இது கிடையாது.

தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முன்பே வேலையை முடித்துவிடுவது நல்லது. அதன் பிறகு எந்த உதவி எண்ணைக் கூப்பிட்டாலும் வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும். இலவச ஆலோசனைக்கு நேரம் கிடைப்பதும் கஷ்டம்.

2. எந்த வகைத் திட்டம் என்று உறுதி செய்யுங்கள்

“மெடிகேர் இருக்கிறது” என்று சொல்லும் பெற்றோரில் பலருக்கு எந்த மெடிகேர் என்று தெரியாது. பர்ஸில் என்னென்ன அட்டைகள் இருக்கின்றன என்று பாருங்கள்.

சிவப்பு, வெள்ளை, நீல நிற அட்டை எல்லோருக்கும் உண்டு. அதோடு ஒரு கம்பெனியின் ஒரே அட்டை மட்டும் இருந்து, டாக்டரிடமும் ஃபார்மசியிலும் அதையே காட்டுகிறார்கள் என்றால் அது பெரும்பாலும் மெடிகேர் அட்வான்டேஜ். அட்வான்டேஜில் சேர பார்ட் ஏ (மருத்துவமனைக் காப்பீடு), பார்ட் பி (டாக்டர், வெளிநோயாளி சிகிச்சைக் காப்பீடு) இரண்டும் இருக்க வேண்டும்.

டாக்டரிடம் சிவப்பு வெள்ளை நீல அட்டையைக் காட்டி, ஃபார்மசியில் மட்டும் வேறு அட்டை காட்டினால் அது ஒரிஜினல் மெடிகேரும் தனியான பார்ட் டி மருந்துத் திட்டமும். இவர்களிடம் மெடிகேப் என்னும் துணைக் காப்பீட்டின் அட்டையும் இருக்கலாம். இவர்களுக்கு வரும் மாற்றக் கடிதம் மருந்துத் திட்டத்துக்கு மட்டும்தான். மெடிகேப்புக்கு அப்படி ஒரு கடிதம் கிடையாது. அதில் கவனிக்க வேண்டியது பிரீமியம் உயர்வு மட்டும். அக்டோபர்–டிசம்பர் காலமும் மெடிகேப்புக்குப் பொருந்தாது.

பிள்ளைகள் ஸ்பான்சர் செய்து கிரீன் கார்டில் வந்த பெற்றோர் ஐந்து ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்த பிறகு, 65 வயதாகியிருந்தால், பணம் கட்டி மெடிகேரில் சேரலாம். வேலை வரலாறு இல்லாதவர்களுக்குப் பார்ட் ஏ-க்கு மாதம் 565 டாலர், பார்ட் பி-க்கு மாதம் 202.90 டாலர். செலவு கருதிப் பார்ட் பி மட்டும் வாங்கியிருக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களால் அட்வான்டேஜில் சேர முடியாது, ஆனால் தனி மருந்துத் திட்டம் வாங்க முடியும். எனவே எந்தத் திட்டத்தையும் ஒப்பிட உட்காரும் முன் அட்டையில் எந்தெந்தப் பார்ட் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம். வந்தது மாற்றக் கடிதம்தானா, அல்லது திட்டத்தையே நிறுத்தப்போவதாகச் சொல்லும் கடிதமா என்று தலைப்பைக் கவனியுங்கள். கம்பெனி உங்கள் கவுன்ட்டியை விட்டு விலகினால் ‘நான் ரினியூவல்’ என்று கடிதம் வரும். அப்போது திட்டம் தானாகத் தொடராது. வேறு திட்டத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஜனவரி 1 முதல் ஒரிஜினல் மெடிகேர் மட்டும் இருக்கும், மருந்துக்குக் காப்பீடு இருக்காது. அதே சமயம், அந்தக் கடிதத்தோடு சில உரிமைகளும் வருகின்றன: வேறு திட்டத்தில் சேரப் பிப்ரவரி இறுதிவரை கூடுதல் அவகாசம் உண்டு, உடல்நிலைக் கேள்விகள் இல்லாமல் சில வகை மெடிகேப் வாங்கவும் முடியும். அந்தக் கடிதத்தை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீர்கள். மெடிகேப் கம்பெனி அதைத்தான் ஆதாரமாகக் கேட்கும்.

3. காகிதங்களை ஒன்றுசேருங்கள்

ஒரு மாலைப்பொழுது போதும். தேவையானவை:

- சிவப்பு வெள்ளை நீல மெடிகேர் அட்டை (11 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளம் அதில் இருக்கும்)
- இப்போதைய திட்டத்தின் அட்டை
- இந்த ஆண்டின் மாற்றக் கடிதம்
- ‘எவிடன்ஸ் ஆஃப் கவரேஜ்’ என்னும் முழு விதிப் புத்தகம். அடுத்த ஆண்டுக்கானது அக்டோபர் 15-க்குள் இணையத்திலாவது கிடைக்க வேண்டும்
- எல்லா மாத்திரை டப்பாக்களும்
- கடந்த ஓராண்டில் பார்த்த டாக்டர்கள், ஆய்வகங்கள், மருத்துவமனைகளின் பெயர்ப் பட்டியல்
- கம்பெனி அனுப்பும் செலவு விவரத் தாள்கள். அதில் ‘இது பில் அல்ல’ என்று போட்டிருக்கும்

மாத்திரைப் பட்டியலை வாய்வழியாகக் கேட்டு எழுதாதீர்கள். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், மாத்திரையா கேப்சூலா, நாளுக்கு எத்தனை, 30 நாளுக்கு வாங்குகிறார்களா 90 நாளுக்கா என்று எல்லாம் வேண்டும். மெட்ஃபார்மின் சாதாரண மாத்திரைக்கும் மெதுவாகக் கரையும் மாத்திரைக்கும் அடுக்கு வேறாக இருக்கலாம். கண் சொட்டு மருந்தையும் இன்ஹேலரையும் பெரியவர்கள் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை, கேட்டு வாங்குங்கள். விலை கூடியவை பெரும்பாலும் அவைதான்.

ஃபோனில் அவர்கள் சார்பில் நீங்கள் பேச வேண்டுமானால் அனுமதி வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பெயரும் பிறந்த தேதியும் சொல்லி “என் மகளிடம் பேசுங்கள்” என்றால் அந்த ஒரு அழைப்புக்குப் போதும். நீங்கள் வேறு ஊரில் இருந்தால், தகவலைப் பகிர அனுமதிக்கும் படிவத்தை மெடிகேருக்கும் திட்டக் கம்பெனிக்கும் தனித்தனியாகக் கையெழுத்திட்டு அனுப்பி வையுங்கள். ஒன்றுக்குக் கொடுத்தது மற்றதற்குச் செல்லாது.

4. கடிதத்தை இந்த வரிசையில் படியுங்கள்

கடிதத்தில் இந்த ஆண்டு ஒரு பத்தி, அடுத்த ஆண்டு ஒரு பத்தி என்று அட்டவணை போட்டிருப்பார்கள். முதல் பக்கத்தில் பிரீமியம் இருக்கும். அதோடு நிறுத்திவிடக் கூடாது. அடுத்து இவற்றைத் தேடுங்கள்.

ஆண்டின் உச்சவரம்பு: அட்வான்டேஜ் திட்டத்தில் உங்கள் கையிலிருந்து ஓராண்டில் அதிகபட்சம் எவ்வளவு போகும் என்ற தொகை. 2026-இல் நெட்வொர்க்குக்குள் இது 9,250 டாலரைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். பல திட்டங்களில் இதைவிடக் குறைவாக இருக்கும். இந்த ஆண்டு 4,500 என்றிருந்தது அடுத்த ஆண்டு 6,700 ஆனால் பிரீமியம் பூஜ்யமாகவே இருந்தாலும் திட்டம் விலை ஏறிவிட்டது என்றுதான் பொருள். மருந்துச் செலவு இந்த வரம்பில் சேராது, அதற்குத் தனிக் கணக்கு.

மருத்துவமனையில் தங்கினால் நாள் ஒன்றுக்கு எவ்வளவு, எத்தனை நாள் வரை. அவசர சிகிச்சைப் பிரிவு, சிறப்பு டாக்டர், எம்ஆர்ஐ, பிசியோதெரபி ஆகியவற்றின் கட்டணம். இங்கே ஒரு மாற்றத்தைக் கூர்ந்து பாருங்கள்: 40 டாலர் என்று தொகையாக இருந்தது 20 சதவீதம் என்று மாறுவது. சதவீதம் பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் பில் எவ்வளவு வரும் என்பது முன்கூட்டியே தெரியாது.

முன் அனுமதி: எந்தச் சிகிச்சைக்குப் புதிதாக அனுமதி கேட்க வேண்டும் என்று கடிதத்தின் பிற்பகுதியில் இருக்கும். இதைத் தவற விடாதீர்கள்.

பல், கண்ணாடி, காது கேட்கும் கருவி, கடையில் பொருள் வாங்கும் அட்டை போன்றவை கடைசியில் வரும். இவற்றை வைத்துத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விளம்பரத்தில் முதலில் நிற்பது இவைதான். ஆனால் ஒரு முறை மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் செலவின் முன் இவை ஒன்றுமே இல்லை.

5. ஒவ்வொரு மாத்திரையையும் புதிய பட்டியலில் தேடுங்கள்

இதுதான் அதிக நேரம் எடுக்கும் வேலை. முக்கியமானதும் இதுதான்.

மெடிகேர் டாட் கவ் தளத்தில் திட்டங்களை ஒப்பிடும் பகுதிக்குப் போங்கள். அப்பாவின் கணக்கில் நுழைந்தால் இப்போதைய திட்டம் தானாகத் தெரியும். கணக்கு இல்லாமலும் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்துப் பார்க்கலாம். எந்த ஆண்டுக்கான திட்டங்களைப் பார்க்கிறீர்கள் என்று முதலில் சரிபாருங்கள். அக்டோபரில் இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் இரண்டுமே அங்கே இருக்கும்.

டப்பாவைப் பார்த்து எழுதிய மருந்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, வழக்கமாக வாங்கும் ஃபார்மசியையும் அருகிலுள்ள வேறு சிலவற்றையும் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ‘மருந்து, பிரீமியம் சேர்த்துக் குறைந்த செலவு’ என்ற வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். தளம் ஆண்டு முழுவதற்கும் கணக்குப் போட்டுக் காட்டும். ஒரே திட்டத்தில் இரண்டு ஃபார்மசிகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் வருவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். திட்டம் ‘பிரிஃபர்ட்’ என்று வைத்திருக்கும் கடைகளின் பட்டியலும் ஆண்டுதோறும் மாறும். பல நேரம் திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை, கடையை மாற்றினாலே போதும்.

ஒவ்வொரு மருந்துக்கும் நான்கு விஷயங்களைக் குறியுங்கள். பட்டியலில் இருக்கிறதா? எந்த அடுக்கு? முன் அனுமதி வேண்டுமா? முதலில் வேறு மருந்தைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா? கடைசியாகச் சொன்னதை ‘ஸ்டெப் தெரபி’ என்பார்கள். அளவுக் கட்டுப்பாடும் இருக்கலாம்.

ஒரு மருந்தை எடுத்துக் காட்டுகிறேன். ஜானுவியா நம் வீடுகளில் நிறையப் பேர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை. மெடிகேர் நேரடியாகப் பேரம் பேசி விலை குறைத்த முதல் பத்து மருந்துகளில் அதுவும் ஒன்று. 2026 ஜனவரி முதல் 30 நாளுக்கு 113 டாலர். ஜார்டியன்ஸ், ஃபார்சிகா, எலிக்விஸ் ஆகியவையும் அந்தப் பத்தில் உண்டு. இவற்றைப் பார்ட் டி திட்டங்கள் பட்டியலில் வைத்தே ஆக வேண்டும். ஆனால் எந்த அடுக்கில் வைப்பது, உங்கள் பங்கு எவ்வளவு என்பது திட்டத்துக்குத் திட்டம் வேறு. 25 சதவீதம் என்றால் மாதம் 28 டாலர் சொச்சம். 47 டாலர் நிலையான கட்டணம் என்று வைத்திருக்கும் திட்டத்தில் அதைவிடக் கூடும். மருந்துக்கான டிடக்டபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நீங்களே கட்ட வேண்டிய தொகை) முடியாத நிலையில், அந்த அடுக்குக்கும் டிடக்டபிள் உண்டென்றால், முதல் மாதங்களில் முழு 113-ஐயும் நீங்களே கட்ட வேண்டும். 2026-இல் டிடக்டபிள் 615 டாலர் வரை இருக்கலாம். இல்லாத திட்டங்களும் உண்டு. ஜனவரி மாத பில் மட்டும் ஏன் இவ்வளவு என்று பலர் பதறுவது இதனால்தான்.

பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உங்கள் கையிலிருந்து ஆண்டுக்கு 2,100 டாலருக்கு மேல் போகாது. 2026-க்கான வரம்பு அது. பட்டியலில் இல்லாத மருந்துக்குச் செலவழித்தது இந்தக் கணக்கில் சேராது. இன்சுலின் மாதத்துக்கு 35 டாலரைத் தாண்டாது. விலை கூடிய மருந்து இருப்பவர்கள், கடையில் கட்டுவதை மாதத் தவணையாகப் பிரித்துக் கட்ட அனுமதிக்கும் ‘மெடிகேர் பிரிஸ்கிரிப்ஷன் பேமென்ட் பிளான்’ பற்றித் திட்டக் கம்பெனியிடம் கேளுங்கள். மொத்தச் செலவு குறையாது, ஜனவரியில் ஒரேயடியாக விழும் சுமை பிரியும்.

ஒரே ஒரு மாத்திரைதான் பிரச்சினை, மற்றதெல்லாம் சரி என்றால் உடனே திட்டத்தை மாற்ற வேண்டாம். பட்டியலில் உள்ள வேறு மருந்துக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முடியாது என்றால் டாக்டர் விதிவிலக்குக் கேட்டு எழுதலாம். அவருடைய கடிதம் கிடைத்த 72 மணி நேரத்துக்குள், அவசரம் என்றால் 24 மணி நேரத்துக்குள், திட்டம் பதில் சொல்ல வேண்டும்.

6. டாக்டர் அலுவலகத்துக்கு நேரடியாக ஃபோன் செய்யுங்கள்

திட்டத்தின் இணையதளத்தில் டாக்டர் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் பட்டியல்களில் இடம் மாறியவர்களும் ஓய்வு பெற்றவர்களும்கூட இருப்பார்கள்.

ஃபோனில் கேட்கும் விதம் முக்கியம். “நீங்கள் மெடிகேர் எடுத்துக்கொள்வீர்களா?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் பதில் வரும். அது ஒரிஜினல் மெடிகேருக்கான பதில். “இந்தக் கம்பெனியின் திட்டம் எடுத்துக்கொள்வீர்களா?” என்றாலும் போதாது. ஒரே கம்பெனிக்கு ஒரே ஊரில் பெயர் ஒத்த பல திட்டங்கள் இருக்கும். எச்எம்ஓ (பொதுவாக நெட்வொர்க்குக்குள் மட்டும்) ஒன்று, பிபிஓ (கூடுதல் செலவில் வெளியேயும் போகலாம்) ஒன்று என்று நெட்வொர்க்கும் வேறாக இருக்கும். அட்டையில் எச் என்ற எழுத்தில் தொடங்கி நான்கு இலக்கமும், ஒரு கோடும், மூன்று இலக்கமும் கொண்ட ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். திட்டத்தின் முழுப் பெயரோடு அந்த எண்ணையும் சொல்லி, “வரும் ஜனவரியிலும் இந்தத் திட்டத்தின் நெட்வொர்க்கில் இருப்பீர்களா?” என்று பில்லிங் பிரிவில் கேளுங்கள். பேசியவர் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள்.

குடும்ப டாக்டரிடம் கேட்டதோடு விட்டுவிடக் கூடாது. இதயம், சிறுநீரகம், கண் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அவர்கள் அனுப்பும் மருத்துவமனையையும் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தையும் சேர்த்துக் கேளுங்கள். தமிழ் பேசும் டாக்டர் ஒருவர் அம்மாவுக்குக் கிடைத்திருந்தால், அவர் ஒருவருக்காகவே திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. வலியைத் தன் மொழியில் சொல்ல முடிந்த பிறகுதான் என் அம்மா டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொல்ல ஆரம்பித்தார்.

7. ஆண்டு முழுச் செலவைக் கணக்குப் போடுங்கள்

பிரீமியம் பூஜ்யம் என்பது செலவு பூஜ்யம் என்று ஆகாது. பார்ட் பி-க்கான 202.90 டாலரை எந்தத் திட்டத்தில் இருந்தாலும் கட்ட வேண்டும் (அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டங்களும் சில உண்டு). சோஷியல் செக்யூரிட்டி என்னும் அரசு ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு அதிலேயே பிடித்துக்கொள்வார்கள். வாங்காத பெற்றோருக்கு பில் தனியாக வரும். திட்டக் கம்பெனிக்குப் பணம் கட்டியாயிற்று என்று நினைத்து இந்த பில்லை விட்டுவிட்டால் பார்ட் பி-யே போய்விடும்.

கணக்கு எளிது. ஒரு திட்டத்தில் பிரீமியம் இல்லை, மருத்துவமனைக்கு முதல் ஐந்து நாள் நாளுக்கு 350 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் மாதம் 40 டாலர் பிரீமியம், மருத்துவமனைக்கு நாளுக்கு 200. ஒரு முறை ஐந்து நாள் படுத்தால் முதலாவதில் 1,750, இரண்டாவதில் பிரீமியம் 480-ஐயும் சேர்த்து 1,480. படுக்காவிட்டால் முதலாவதே லாபம். அம்மாவின் கடந்த ஆண்டுச் செலவுத் தாள்களை வைத்து இப்படி இரண்டு கணக்குப் போடுங்கள்: நல்லபடியாகப் போகும் ஆண்டு ஒன்று, மருத்துவமனைக்குப் போகும் ஆண்டு ஒன்று. இரண்டாவது கணக்கில் உங்களால் தாங்க முடிகிற திட்டம் எதுவோ அதைப் பாருங்கள்.

வருமானம் குறைந்த பெற்றோருக்கு ‘எக்ஸ்ட்ரா ஹெல்ப்’ என்ற மருந்து உதவி உண்டு. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. பார்ட் பி பிரீமியத்துக்கு உதவும் திட்டங்களை மாநில மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) அலுவலகம் நடத்துகிறது.

எதிர்ப்பக்கத்தில், ஊரில் நிலமோ வீடோ விற்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த லாபம் அமெரிக்க வரிக் கணக்கில் வந்திருந்தால், இரண்டு ஆண்டு கழித்துப் பார்ட் பி-யும் பார்ட் டி-யும் ஓராண்டுக்கு விலை ஏறலாம். 2026-க்கு 2024-ஆம் ஆண்டின் வரிக் கணக்கைப் பார்க்கிறார்கள். தனி நபருக்கு 109,000 டாலர், கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 218,000 டாலர் தாண்டினால் கூடுதல் கட்டணம்.

8. ஊருக்குப் போய்த் தங்குபவர்கள் தனியாகப் பார்க்க வேண்டியது

இந்தியாவிலோ இலங்கையிலோ செய்துகொள்ளும் சிகிச்சைக்கு ஒரிஜினல் மெடிகேர் பணம் தராது. அங்கே வாங்கும் மருந்துக்குப் பார்ட் டி-யும் தராது. சில அட்வான்டேஜ் திட்டங்கள் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை தருகின்றன. அந்த வரம்பு ஆண்டுதோறும் மாறக்கூடியது, விதிப் புத்தகத்தில் பாருங்கள். மெடிகேப்பில் சி, டி, எஃப், ஜி, எம், என் ஆகிய வகைகள், பயணத்தின் முதல் 60 நாளுக்குள் தொடங்கும் அவசர சிகிச்சைக்கு, 250 டாலர் டிடக்டபிள் போக 80 சதவீதம் தருகின்றன. வாழ்நாள் வரம்பு 50,000 டாலர்.

அட்வான்டேஜ் திட்டத்தின் எல்லைக்கு வெளியே ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் பொதுவாகத் திட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். ஐந்து மாதம் என்று போய், கல்யாணம் காட்சி என்று எட்டு மாதமாக நீட்டிக்கும் பெற்றோருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று பார்ட் பி-யை நிறுத்திவிட்டுப் போகவும் வேண்டாம். திரும்பிச் சேரும்போது, விட்ட ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் அபராதம் பிரீமியத்தோடு ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலானோருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

அக்டோபர், நவம்பரில் அவர்கள் ஊரில் இருப்பார்கள் என்றால் மாத்திரைப் பட்டியலையும் அட்டைகளின் படத்தையும் புறப்படும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் உங்கள் வீட்டுக்கோ மின்னஞ்சலுக்கோ வரும்படி செய்துவிட்டால் இன்னும் நல்லது.

9. யாரிடம் கேட்கலாம், யாரிடம் கூடாது

என் அனுபவத்தில் மிகவும் உதவியது மாநிலந்தோறும் இருக்கும் இலவச ஆலோசனைத் திட்டம். பொதுப் பெயர் ‘ஸ்டேட் ஹெல்த் இன்ஷூரன்ஸ் அசிஸ்டன்ஸ் புரோகிராம்’, சுருக்கமாக ஷிப். கலிஃபோர்னியாவில் ஹைகேப், ஃபுளோரிடாவில் ஷைன் என்று பெயர் மாறும். ஷிப்ஹெல்ப் டாட் ஆர்க் தளத்தில் உங்கள் மாநிலத்தின் எண் கிடைக்கும். அவர்கள் எதையும் விற்பதில்லை, கமிஷனும் கிடையாது. அக்டோபர் முதல் வாரத்திலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.

மெடிகேரின் சொந்த எண் 1-800-633-4227. உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் இலவசமாக இணைப்பார்கள். திட்டக் கம்பெனிகளும் அதை இலவசமாகவே தர வேண்டும்.

ஏஜென்ட்டுகளில் நல்லவர்கள் உண்டு, கோயிலிலும் தமிழ்ச் சங்கத்திலும் நமக்குத் தெரிந்தவர்களே இருப்பார்கள். ஆனால் எல்லாக் கம்பெனிகளின் திட்டங்களையும் அவர் விற்பதில்லை. “எந்தெந்தக் கம்பெனிகள் உங்களிடம் இல்லை?” என்று நேராகக் கேளுங்கள். தானாக வரும் ஃபோனில் மெடிகேர் எண்ணைக் கேட்டால் வைத்துவிடச் சொல்லுங்கள். மெடிகேர் அப்படிக் கூப்பிட்டு எதையும் விற்காது. பெரியவர்கள் மரியாதைக்காகப் பேச்சை நீட்டி, கடைசியில் “யெஸ்” என்று சொல்லித் திட்டம் மாறிப்போன குடும்பங்களைத் தெரியும். “என் பிள்ளைதான் பார்த்துக்கொள்வான்” என்ற ஒரே பதிலைப் பழக்கிவிடுங்கள்.

10. மாற்றுவதென்று முடிவானால்

பழைய திட்டத்தை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். புதிய திட்டத்தில் சேர்ந்தால் பழையது தானாக ஜனவரி 1-இல் விலகும். மெடிகேர் தளத்திலேயே சேர்வது பாதுகாப்பானது. உறுதி எண் வரும், அதைப் படம் எடுத்து வையுங்கள்.

அட்வான்டேஜில் எச்எம்ஓ அல்லது பிபிஓ வைத்திருப்பவர், மருந்து மலிவாக இருக்கிறதே என்று தனி பார்ட் டி திட்டத்தில் சேர்ந்தால் அட்வான்டேஜ் திட்டம் மொத்தமும் விலகிவிடும். இந்தப் பொறியில் விழுகிறவர்கள் கொஞ்சம் பேர் அல்ல.

அட்வான்டேஜை விட்டு ஒரிஜினல் மெடிகேருக்குப் போக நினைத்தால், முதலில் மெடிகேப் கிடைக்குமா என்று பாருங்கள். நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் ஆகிய நான்கு மாநிலங்களைத் தவிர மற்ற இடங்களில், சில விதிவிலக்குகள் போக, உடல்நிலையைக் காரணம் காட்டி மெடிகேப் கம்பெனி மறுக்கலாம். அட்வான்டேஜில் முதல்முறை சேர்ந்து 12 மாதம் ஆகாதவர்களுக்குப் பெரும்பாலும் திரும்பும் உரிமை உண்டு. மெடிகேப் இல்லாமல் ஒரிஜினல் மெடிகேரில் நின்றால் ஆண்டு உச்சவரம்பு என்று ஒன்றே கிடையாது. ஆகவே மெடிகேப் ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகே நகருங்கள்.

11. ஜனவரியில் சரிபாருங்கள்

டிசம்பர் கடைசிக்குள் புதிய அட்டை வந்ததா என்று பாருங்கள். வராவிட்டால் திட்டத்தின் உறுதிக் கடிதத்தை ஃபார்மசியில் காட்டலாம். டிசம்பரிலேயே ஒரு முறை மாத்திரைகளை நிரப்பிக்கொண்டால் ஜனவரி முதல் வாரக் குழப்பத்தில் மருந்து தீர்ந்துபோகாது.

ஜனவரியில் முதல் மருந்து வாங்கும்போது ஒவ்வொன்றின் விலையையும் நீங்கள் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லை என்று கடையில் சொன்னால் ‘டிரான்சிஷன் ஃபில்’ கேளுங்கள்: முதல் 90 நாளுக்குள், ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மருந்தை ஒரு முறை ஒரு மாத அளவுக்கு வாங்கிக்கொள்ள அனுமதி உண்டு. அந்த மாதத்துக்குள் டாக்டரிடம் பேசி விதிவிலக்குக் கேட்கலாம், அல்லது மருந்தை மாற்றலாம். டாக்டரைப் பார்க்கும் முதல் அப்பாயின்ட்மென்ட்டையும் மார்ச்சுக்குத் தள்ளாமல் ஜனவரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்டேஜ் திட்டத்தில் கோளாறு இருந்தால் அது அப்போதே தெரிந்துவிடும், மார்ச் 31-க்குள் வேறு திட்டத்துக்கு மாறவும் நேரம் இருக்கும்.